எட்டாம் நம்பர் பூட்ஸ்

என்னைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எப்படி ஆச்சு பாய்?" என்பதுதான். முள் குத்திவிட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உண்மையில் முள் எதுவும் குத்தவில்லை. அந்தப் பொய்யை முதலில் டாக்டரிடம் சொன்னேன். பிறகு அது ஊருக்குள் போய்விட்டது. என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை, நான் சொன்ன பொய் மட்டும் இரண்டு காலோடு நடந்துகொண்டிருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அன்வர். மரக்காணத்து உப்பளங்களில் மோட்டார் மெக்கானிக். பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அந்தக் காற்றுக்கு எந்த இரும்பும் ஒரு சீசன் தாங்காது. பேரிங் போகும், மோட்டாருக்குள் சுற்றிய காயில் கம்பி எரியும், போல்ட்டைத் திருகினால் கையோடு உடைந்து வரும். இதற்கு முன்னால் பதினாலு வருடம் சவுதியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். அங்கே சேஃப்டி பூட்ஸ் இல்லாமல் வேலையிடத்துக்குள் நுழையவே முடியாது. விரல்களுக்கு மேலே இரும்பு மூடி, அடியில் ஆணி ஏறாத தகடு, ஆள் கனத்தில் கால்வாசி. வெயிலில் அதற்குள் கால் வெந்துபோகும். ஊருக்குத் திரும்பிய அன்று அந்த பூட்ஸை அறையிலேயே விட்டுவிட்டு ரப்பர் செருப்போடு விமானம் ஏறியவன் நான். இனிமேல் செத்தாலும் அதைப் போடமாட்டேன் என்று ஜமீலாவிடம் சொன்னேன். ஜமீலா என் மனைவி. அவள் சிரித்தாள்.

உப்பளத்தில் செருப்புக்கே இடமில்லை. பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். அதில் செருப்பின் குதி பட்டால் பள்ளம் விழும், சேறு கிளம்பும், உப்பு கறுத்துவிடும். ஆகவே யாராக இருந்தாலும் வரப்பிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். இப்படி வருடக்கணக்கில் இறங்குகிறவர்களுக்குக் கால் தோல் தடித்து, வெடித்து, மரத்தும் போய்விடும். அதை அங்கே யாரும் நோய் என்று சொல்வதில்லை. வேலைக்குக் கால் பழகிவிட்டது என்பார்கள்.

எனக்கு சர்க்கரை இருப்பது சவுதியிலேயே தெரியும். ஒரு மாதம் மாத்திரை போடுவேன், அடுத்த மாதம் மறந்துவிடுவேன். போன சீசனில் ஒரு நாள் பம்பின் மூடி நழுவிக் காலில் விழுந்தது. பெருவிரல் நகம் பெயர்ந்து, ரத்தம் தண்ணீரில் கலந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உப்பு வாரும் பெண்களில் மூத்தவர் செல்வி. அவர்தான் முதலில் பார்த்தார்.

"இன்னா பாய், இவ்ளோ ரத்தம் போவுது, நிக்கிறியே. ஒனக்கும் எங்க காலு வந்துடுச்சி போல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். குளிர்சாதன அறைக்கு வயரிங் செய்தவன் இப்போது உப்பளத்துக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், நஸ்ரின். திண்டிவனம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக்குப் போகும் சேஃப்டி பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். நகம் பெயர்ந்த கதையைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊரு உலகத்துக்கெல்லாம் நான் பூட்ஸ் தைக்கிறேன். எங்க அத்தா செருப்போட மோட்டார தூக்குறாரு. உங்க கால் இன்னா நம்பர்?"

"எட்டு. பதினாலு வருஷம் எட்டுதான் போட்டேன்."

அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சவுதியை விட்டு வந்து இத்தனை வருடம் செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து என் பாதம் பரந்துவிட்டிருந்தது. அது என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது, நான் பார்க்கவில்லை.

இந்த சீசன் தொடங்கும்போது அவள் பெட்டியோடு வந்தாள். கறுப்புத் தோல், உள்ளே மெத்தென்ற பஞ்சு. அவளே மண்டியிட்டு மாட்டிவிட்டாள். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நாலு முறை நடந்தேன்.

"டைட்டா இருக்குதா அத்தா? இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்."

"இல்லம்மா. இதமா இருக்குது. போட்டதே தெரியல."

நான் பொய் சொல்லவில்லை. போட்டது எனக்குத் தெரியவில்லைதான். மறுநாள் அவள் தன்னோடு வேலை செய்யும் பெண்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறாள். எங்க அத்தாவுக்கு அவ்வளவு இதமா இருக்குதாம் என்று. வீட்டுக்கு வந்து அதையும் என்னிடம் சொன்னாள்.

இரண்டு மாதம் போட்டேன். வரப்பில் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றுவேன், தண்ணீரில் இறங்கி வேலை பார்ப்பேன், ஏறி வந்து லுங்கியில் காலைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டுவேன். துடைத்தாலும் விரலிடுக்கில் உப்பு நிற்கும். சாக்ஸுக்குள் காய்ந்து பொடிப்பொடிக் கல்லாகிவிடும். காலில் உணர்ச்சி உள்ளவன் பத்து அடி நடப்பதற்குள் கழற்றி உதறியிருப்பான். நான் நாள் முழுக்க நடந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றியபோது சுண்டுவிரல் பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தேன், தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு சிறு குழி. வலி இல்லை. வலிக்காத புண்ணை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? உப்பளத்தில் காலில் கீறல் விழுந்தால் உப்பேறிய தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். புண் தானாக வற்றிவிடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. செல்வியும் அதைத்தான் சொன்னார். அவர்கள் நின்றால் சுருக்கென்று எரியும், சட்டென்று ஏறிவிடுவார்கள். எனக்கு எரியவே இல்லை. பம்பு ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு ஒரு பீடி நேரத்துக்கு நின்றேன், தினமும்.

பிறகு வீட்டில் ஒரு நாற்றம். "ஏங்க, எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க" என்றாள் ஜமீலா. நானும் அவளுமாக பீரோவை நகர்த்தினோம், அரிசி டிரம்மை நகர்த்தினோம், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தோம். நான் போகிற இடமெல்லாம் நாற்றம் கூடவே வந்தது. ஜமீலா நின்று என் காலைப் பார்த்தாள்.

நஸ்ரின் லீவு போட்டுவிட்டு என்னோடு ஊரில் இருந்த கிளினிக்குக்கு வந்தாள். "எதுல பட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியும். புண் இருந்த இடம் பூட்ஸின் ஓரம் அழுத்துகிற இடம். சவுதியில் எத்தனை பேர் காலில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மகள் என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இதமாக இருக்கிறது என்று நான் சொன்னதை ஊரெல்லாம் சொன்ன பிள்ளை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வரப்புல முள்ளு குத்துச்சுங்க."

டாக்டர் முள்ளைத் தேடினார், கிடைக்கவில்லை. ஊசி போட்டு, கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, ஐந்து நாள் கழித்து வரச்சொன்னார். முள்ளுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் சரியாகத்தான் செய்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை நான் செருப்பைத் தேடினேன். சீசன் நேரம், பம்பு நின்றால் பாத்தி காய்ந்துவிடும் என்று போன் மேல் போன். நஸ்ரின் செருப்பைப் பிடுங்கி மூலையில் போட்டாள்.

"முள்ளு குத்துற எடத்துக்கு மறுபடி செருப்போடயா போவீங்க? பூட்ஸ் போடுங்க."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அவசரமாக மண்டியிட்டு, கட்டுப் போட்ட காலை பூட்ஸுக்குள் நுழைத்தாள். கட்டு தடிமனாக இருந்ததால் எளிதில் போகவில்லை. நாடாவை நன்றாகத் தளர்த்தி, பிறகு இறுக்கிக் கட்டி, "இப்ப ஓக்கேவா?" என்றாள். ஓக்கே என்றேன். ஓடிப்போய் பஸ் ஏறினாள். அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். நான் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் நடுமத்தியானம் வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்குக் குளிரெடுத்தது. பல் கிட்டித்தது. செல்விதான் என்னை வரப்பில் உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினார். கழற்றியவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். ஆம்புலன்ஸ் நேராகப் புதுச்சேரிக்குப் போனது.

பெரிய ஆஸ்பத்திரி. கால் புண்காரர்களுக்கென்று நீளமான ஒரு வார்டு. என் படுக்கைக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்து மீனவர் ஒருவர், எனக்கு மூத்தவர். மூன்று விரல் போய்விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா பாய், உப்பா, மீனா?" என்றார். உப்பு என்றேன். "சரி, நம்ம ரெண்டு பேரும் சேந்தா கருவாடு போட்லாம்" என்றார். அந்த வார்டில் நான் சிரித்தது அவரால்தான்.

டாக்டர் சின்னப் பெண், நஸ்ரினைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பேனா மாதிரி ஒரு குச்சி வைத்திருந்தார், முனையில் மீன்பிடி நரம்பு போல ஒரு நைலான் இழை. என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"பாதத்துல அங்கங்க தொடுவேன் ஐயா. தொடுறது தெரியும்போது சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் தொடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஆனதால் சும்மா ஒருமுறை "ம்" என்றேன். கண்ணைத் திறந்தபோது டாக்டர் குச்சியை மூடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் கால்மாட்டில் நின்றாள்.

"எத்தினி தடவ தொட்டாங்க தெரியுமா அத்தா? பத்து எடம். ரெண்டு காலும்."

சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் காலில் ஓடும் நரம்புகள் செத்துவிடுமாம், வலி மூளைக்குப் போய்ச் சேராதாம். டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொன்னால், ஃபியூஸ் இல்லை. சீசனில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் முதலாளிகள் கம்பியை நேராகக் கட்டச் சொல்வார்கள். நானும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மோட்டார் நிற்காமல் ஓடும், நன்றாக ஓடுகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும்.

"என்ன ஷூ போடுவீங்க?" என்று டாக்டர் கேட்டார். செருப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். ஜமீலா அதற்குள் ஒரு பையிலிருந்து பூட்ஸை எடுத்து வைத்துவிட்டாள். செல்வி கொடுத்தனுப்பியதாம். டாக்டர் கையுறை போட்டு உள்ளே கைவிட்டார். உள்ளங்கையில் உப்புக்கல் கொஞ்சம் வந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் இடது காலுக்கு அடியில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல் இடது பூட்ஸை வைத்தார். பூட்ஸுக்கு வெளியே சுண்டுவிரல் பக்கம் அரை விரற்கடைக்குக் கோடு தெரிந்தது.

நஸ்ரினுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கால் வடிவக் கட்டையில் தோலை இழுத்து மாட்டுவதைத் தினமும் பார்க்கிறவள். தாளைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எட்டு இல்ல. ஒம்போது. அதுலயும் அகலம்."

முள்ளைப் பற்றி என்னிடம் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்புக்குள்ளும் சீழ் போயிருப்பது தெரிந்தது. எலும்புக்குள் புகுந்துவிட்டால் மருந்து போய்ச் சேருவது கடினம். பிறகு ஒரு சின்ன மைக் போன்ற கருவியில் களிம்பு தடவிக் காலில் வைத்து, ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் சர்க் சர்க் என்று நல்ல பம்பு. கணுக்காலில் காற்று வாங்குகிற பம்பு. பாதத்தில் சத்தமே இல்லை. டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்பது அந்தச் சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடமாகப் பார்க்கிற தொழில்.

அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விஷம் உடம்பு முழுக்கப் போய்விடும் என்றார்கள். ஒரு தாள் கொண்டுவந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சொந்தக்காரர் ஒருவரும் போட வேண்டும். ஜமீலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கையால மாட்டேங்க. அல்லாஹ்வுக்குப் பொதுவா சொல்றேன், என்னால முடியாது."

நஸ்ரின் பேனாவை வாங்கினாள். தன் பெயரை முழுதாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி நிதானமாக எழுதினாள். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினாள். எழுதிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. என் வாழ்க்கையில் மிகவும் வெட்கப்பட்டது அப்போதுதான். போகப் போகிற காலைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆபரேஷன் முடிந்து விழித்த பிறகு இல்லாத கால் வலித்தது. சுண்டுவிரல் எரிந்தது. உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூட எரியாத விரல். அது பொய் வலி, பலருக்கும் வரும், போகப்போகக் குறையும் என்று நர்ஸ் சொன்னார். ஜமீலா துஆ ஓதியபடி போர்வையில் கால் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொடுத்தாள். வெறும் மெத்தைதான். ஆனாலும் கொஞ்சம் இதமாக இருந்தது.

செல்வியும் இன்னும் மூன்று பெண்களும் வேலையை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள். பழக்கதோஷம், வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. டாக்டரிடம் அந்த நைலான் குச்சியைக் கேட்டு வாங்கி, செல்வியைக் கண்ணை மூடச் சொல்லி நான் தொட்டுப் பார்த்தேன்.

"கட்டவெரல். இப்ப நடுவுல. இப்ப குதிகாலு, யோவ் கூசுது பாய், வுடு."

பாளம் பாளமாக வெடித்த கால் அது. பத்து இடத்தையும் சரியாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அவர்களுடைய மரத்துப்போன காலும் என்னுடைய மரத்துப்போன காலும் ஒன்றில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு பேரிடமும் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். காலையில் தெருமுனையில் ஹாரன் கேட்கும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். நஸ்ரின் எழுந்து போகவில்லை. லீவு என்றாள். பிறகு அதையும் சொல்லவில்லை. எனக்குக் கட்டு மாற்றுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். இனி தையல் மெஷினில் கைவைக்க மாட்டேன் என்று ஜமீலாவிடம் சொல்லியிருக்கிறாள். என் கால் போனதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் அவள் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"முள்ளு எதுவும் குத்தலம்மா."

"தெரியும்."

"பூட்ஸுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கிளினிக்ல வெச்சே தெரியும். நீ வாங்கிக் குடுத்தது கால தின்னல. என் வாய்தான் தின்னுச்சு."

அவள் கை நின்றது.

"ஏன் அத்தா சொல்லல?"

"உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு."

"இப்ப?"

அவள் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாதவள். "நான்தானே அன்னிக்கு இழுத்துக் கட்டினேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கட்டியிருப்பேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஜமீலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ஹாரன் அடித்தபோது அவள் பஸ் ஏறினாள். சாயங்காலம் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். மிஞ்சியிருக்கும் இடது காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டாள். அந்தக் காலும் மரத்த கால்தான். அதையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பதினைந்து நாளில் பெட்டி வந்தது. ஒன்பதாம் நம்பர், அகலக் கட்டையில் இழுத்தது. விரல் பக்கம் இரும்பு மூடி இல்லை, உள்ளே தையல் உரசாத துணி. மாட்டிவிட்டு, பழைய கேள்வியைக் கேட்டாள்.

"டைட்டா இருக்குதா அத்தா?"

இதமாக இருக்கிறது என்பது வாய்வரை வந்துவிட்டது.

"தெரியலம்மா. எனக்குத் தெரியாது. நீயே பாத்து சொல்லு."

அவள் விரலை விட்டுச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். கழற்றிக் காலைத் திருப்பிப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் கட்டிலருகே வந்து உட்காருகிறாள். பூட்ஸை ஒருமுறை தட்டுவாள், பிறகு கையை முனைவரை விட்டு, உப்போ மணலோ ஏதாவது இருக்கிறதா என்று துழாவுவாள். நான் உப்பளத்துப் பக்கமே போவதில்லை, அதில் என்ன இருக்கப் போகிறது? இருந்தாலும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

பூட்ஸ் ஜோடியாகத்தான் வரும். செயற்கைக் கால் பொருத்த இன்னும் சில மாதம் ஆகும், புண் முழுதாக ஆறியபிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வலது பூட்ஸ் காகிதம் திணித்தபடி பெட்டியில் இருக்கிறது. இன்று காலை ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நஸ்ரின் எனக்கு இடது பூட்ஸை மாட்டி நாடாவைக் கட்டினாள். பிறகு பெட்டியைத் திறந்து, காகிதத்தை எடுத்துவிட்டு, வலது பூட்ஸுக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தாள்.